கப்ளர் இல்லை, புதுசு வாங்குங்க

மிக்ஸியின் கப்ளர், அதாவது மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கடத்தும் பல் வைத்த ரப்பர் இணைப்பு, தேய்ந்துவிட்டது. ஜாரைத் தூக்கினால் அடியில் கருப்பு ரப்பர் துகள்கள் உதிர்ந்து கிடக்கின்றன. பற்கள் பாதி மழுங்கிவிட்டன. மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை. அது தேய்ந்ததில் எனக்குப் புகார் இல்லை. ஜாரில் ஏதாவது சிக்கினால் மோட்டார் புகைந்துவிடக் கூடாது, அதற்கு முன் இது உடையட்டும் என்றுதான் அந்த இணைப்பை மெத்தென்ற பொருளில் செய்கிறார்கள்.

சரி, தேயும் என்று தெரிந்தே வைத்த பாகம் தனியாகக் கிடைக்க வேண்டாமா? சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அந்த மாடல் நின்னுபோச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். வாரண்டி முடிந்து ஒரே மாதம்தான் ஆகிறது! பொதுவாக விற்கும் கப்ளரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பார்வைக்கு அதே அளவு, ஆனால் ஜார் உட்கார்ந்ததும் கடகடவென்று ஆடுகிறது. பழையதைக் கழற்றியது தனிப் பாடு. திருகு மறை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழல்கிறது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், ஃபிரிட்ஜுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் முக்கியமான உதிரி பாகங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் தந்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மிக்ஸிக்கும் அப்படி ஒன்று எல்லா ஊரிலும் வர வேண்டும்.

மோட்டார் இன்னும் புதுசு போல ஓடுகிறது. கையளவு ரப்பருக்காக அதைக் குப்பையில் போட எனக்கு மனசே வரவில்லை.