ஒரு மரக்குதிரைகூட மிஞ்சவில்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போயிருந்தேன். பழைய சாமான் கடைகளில் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, மரவை எல்லாம் இருக்கின்றன. வீட்டை இடித்தால் கொண்டியைக்கூட வீணாக்காமல் கழற்றி வரும் ஊர் இது. நான் தேடிப் போனது, திருவிழாவில் குடை மாதிரி விரிந்து சுற்றும் குடை ராட்டினத்து மரக்குதிரை. எந்தக் கடையிலும் இல்லை.

சின்ன வயதில் கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழா என்றாலே எனக்கு ராட்டினம்தான். தொட்டில் ராட்டினத்தில் நாலே தொட்டில், மோட்டார் கிடையாது. ராட்டினக்கார அண்ணன் ஆளை ஏற்றும்போதே கண்ணால் எடை போட்டுவிடுவார். அப்பத்தா ஒரு தொட்டில் என்றால் எதிர்த் தொட்டிலில் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். "ஆச்சி, கம்பிய விட்றாதீக" என்று சொல்லிவிட்டு, கீழே வருகிற தொட்டிலின் விளிம்பைப் பிடித்து ஒரு தள்ளு. அடுத்தது வரும், அதற்கும் ஒரு தள்ளு. அச்சு கிரீச்சிடும். உச்சியில் கோபுரத்துச் சீரியல் விளக்கு தெரியும்போது வயிற்றுக்குள் ஏதோ நழுவும். நிறுத்துவதும் அவர் கைதான். தொட்டிலைப் பிடித்தபடி நாலடி கூடவே இழுபட்டுப் போவார். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி காய்த்திருக்கும்.

பெரிய பெரிய ராட்டினங்களே போய்விட்டன, சரிதான். 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஃபெரிஸ் என்ற பொறியாளர் நிறுத்திய 264 அடி ராட்டினச் சக்கரத்தை 1906இல் வெடிவைத்துச் சாய்த்துப் பழைய இரும்பாக்கினார்கள். 1984இல் டெல்லியில் திறந்த அப்பு கர் என்ற பொழுதுபோக்குப் பூங்காவே 2008இல் மூடப்பட்டது. ஆனால் அவற்றுக்குப் படமும் தேதியும் கணக்கும் இருக்கின்றன. நம்ம ஊர் ராட்டினத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? மரம் அடுப்புக்குப் போனது, இரும்பு எடைக்குப் போனது, அவ்வளவுதான்.

பழையதை மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. இடுப்புக்கு வார் கிடையாது, ஓர் இரும்புக் கம்பிதான் காவல். என் பிள்ளையை நானே ஏற்றமாட்டேன். நிறுத்தியாவது வைக்கலாமே என்கிறேன். செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக்கியவர்கள் முற்றத்தில் அம்மியும் உரலும் வைத்து அழகு பார்க்கிறார்கள். அங்கே ஒரு தொட்டிலுக்கு இடமிருக்காதா? அப்புறம், அதைத் தள்ளியவர்கள் யாராவது இன்னும் இருப்பார்கள். எடையை எப்படிச் சரிக்கட்டினார்கள், அச்சுக்கு என்ன எண்ணெய் போட்டார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ மரக்கடை மூலையிலோ அப்படி ஒரு குதிரை கிடந்தால் சொல்லுங்கள். காது உடைந்திருந்தாலும் பரவாயில்லை. நான் ஏறிய சிவப்புக் குதிரைக்கும் இடது காது கிடையாது.