பெயருக்கு எதிரே ஒரு கட்டம்

தமக்குச் சொந்தமான தொழிலைத் தொடும் மசோதா ஒன்றில் நாடாளுமன்ற உறுப்பினர் வாக்களிக்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் கூடாது என்றுதான் சொல்வார்கள். விதி என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தால் அவ்வளவு தெளிவாக இல்லை. மக்களவை நடைமுறை விதிகளில் 371-ஆவது விதி இதைப் பற்றியதுதான். ஓர் உறுப்பினரின் வாக்கில் அவருடைய சொந்த ஆதாயம் கலந்திருக்கிறது என்று இன்னோர் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். சபாநாயகர் விசாரித்து அந்த வாக்கைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். இதுவரை சரி. ஆனால் அந்த விதியின் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. ஆதாயம் நேரடியானதாகவும் அந்த உறுப்பினருக்கே தனியாக உரியதாகவும் இருக்க வேண்டும். பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவினருக்கோ பொதுவானதாக இருந்தால் ஆட்சேபம் நிற்காது. அரசின் கொள்கை சார்ந்த விஷயமாக இருந்தாலும் நிற்காது. விதி கொடுத்ததை விளக்கம் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

அந்த விளக்கத்தின் மூலம் நம்முடையது அல்ல. 1811 ஜூலையில் பிரிட்டிஷ் மக்களவையில் தங்க நாணயமும் வங்கித் தாளும் பற்றிய மசோதா வந்தபோது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் இயக்குநர்களாகவும் இருந்த உறுப்பினர்களின் வாக்குகளை நீக்க வேண்டும் என்று ஆட்சேபம் எழுந்தது. அப்போதைய சபாநாயகர் சார்லஸ் அபாட், ஆதாயம் நேரடிப் பண ஆதாயமாக இருக்க வேண்டும், அந்த உறுப்பினருக்கே தனியாக உரியதாக இருக்க வேண்டும், மன்னரின் குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவானதாகவோ அரசுக் கொள்கை சார்ந்ததாகவோ இருக்கக் கூடாது என்று விளக்கம் தந்தார். இயக்குநர்களின் வாக்குகள் அப்படியே நின்றன. மன்னரின் குடிமக்கள் என்ற இடத்தில் பொதுமக்களை வைத்து, கூடவே ‘ஒரு பிரிவினர்’ என்பதையும் சேர்த்துக்கொண்டால் நம் விதியின் விளக்கம் வந்துவிடுகிறது. அதாவது 1811-இல் இருந்ததைவிட நாம் ஓட்டையைச் சற்றே அகலப்படுத்தியிருக்கிறோம்.

அபாட்டின் அளவுகோல் முற்றிலும் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். 1892-இல் மொம்பாசா ரயில் பாதைக்கான ஆய்வுச் செலவு குறித்த வாக்கெடுப்பில், அந்தத் திட்டத்தோடு தொடர்புள்ள கிழக்கு ஆப்பிரிக்க நிறுவனத்தில் பங்கு கொண்டிருந்த மூன்று உறுப்பினர்களின் வாக்குகளை அதே பிரிட்டிஷ் அவை நீக்கியது. ஒரு நிறுவனம், ஒரு ரயில் பாதை, ஒரு தொகை என்று விஷயம் குறுகலாக இருந்ததால் அது சாத்தியமானது. இன்றைய சட்டங்கள் அப்படி எழுதப்படுவதில்லை. பெரும்பாலான மசோதாக்களில் நிறுவனத்தின் பெயர் இருக்காது. துறையின் பெயர்தான் இருக்கும். துறை என்று வந்துவிட்டால் ‘பிரிவினர்’ என்ற சொல் எல்லோரையும் காப்பாற்றிவிடும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. விவசாயி வேளாண் மசோதாவில் பேசக் கூடாது, ஆசிரியர் கல்வி மசோதாவில் பேசக் கூடாது என்று போனால், விஷயம் தெரிந்தவர் எல்லோரும் வெளியேறி, தெரியாதவர்கள் மட்டும் சட்டம் இயற்ற வேண்டியிருக்கும். அவர்களை அனுப்பிய தொகுதிக்கும் அவையில் குரல் இல்லாமல் போகும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலம் வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் தம் ஆதாயத்தைக் கோடிக்கணக்கானவர்களோடு பகிர்ந்துகொள்கிறார். ஒரு துறையின் பெருமுதலாளி அதை விரல் விட்டு எண்ணக்கூடியவர்களோடு பகிர்ந்துகொள்கிறார். இருவரையும் ஒரே ‘பிரிவினர்’ என்ற சொல்லால் அளப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 371-ஆவது விதியின்படி ஆட்சேபிக்க வேண்டுமானால் முதலில் பிரிவு வாக்கெடுப்பு, அதாவது யார் எப்படி வாக்களித்தார் என்று பதிவாகும் வாக்கெடுப்பு, நடந்திருக்க வேண்டும். அது முடிந்த கையோடு, முடிவு அறிவிக்கப்படும் முன்பே எழுந்து சொல்ல வேண்டும். பெரும்பாலான மசோதாக்களோ குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. “ஏற்போர் ‘ஆம்’ என்க” என்பார் அவைத் தலைவர். ஒரு பக்கமிருந்து பேரொலி எழும். “மறுப்போர் ‘இல்லை’ என்க” என்பார். மறுபக்கமிருந்து சற்றே குறைந்த ஒலி வரும். “ஏற்போரே அதிகம், ஏற்போரே அதிகம், மசோதா நிறைவேறியது.” அந்தப் பேரொலியில் எந்தத் தொண்டை யாருடையது என்று எந்த ஆவணத்திலும் பதிவாகாது. பதிவாகாத வாக்கை எப்படி ஆட்சேபிப்பது?

சரி, மனசாட்சியுள்ள ஓர் உறுப்பினர் தாமாகவே ஒதுங்கிக்கொள்ள நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்சிக் கொறடாவின் உத்தரவு கையில் இருக்கும்போது அவரால் அது எளிதில் முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தால் மட்டுமல்ல, வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகலாம். கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால்தான் தப்பிக்கலாம். ஆக, ஓர் உறுப்பினரின் நேர்மை கட்சித் தலைமையின் மன்னிப்புக்காகக் காத்திருக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. இந்த முரணைப் பற்றி அவையில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மாநிலங்களவை இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அங்கே 293-ஆவது விதியின்படி உறுப்பினர் நலன் பதிவேடு உண்டு. ஊதியம் தரும் இயக்குநர் பதவி, ஊதியம் தரும் தொடர்பணி, கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி ஆகிய ஐந்தையும் அதில் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எழுதியிருந்தாலும், அந்த விஷயம் அவையிலோ குழுவிலோ வரும்போது மறுபடி வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் விவாதத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது 294-ஆவது விதி. இந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிவேட்டில் எழுதுவது மட்டும் போதாது. பிரிட்டனில் ஓவன் பேட்டர்சன் என்ற உறுப்பினர், தமக்கு ஆலோசனைக் கட்டணம் தந்த இரு நிறுவனங்களைப் பதிவேட்டில் எழுதித்தான் இருந்தார். எழுதிவிட்டு, அதே நிறுவனங்களுக்காக அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அணுகினார். 2021-இல் அவரை 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்யப் பரிந்துரை வந்தது. அதைத் தள்ளிப்போட ஆளும் தரப்பு முயன்று, 250-க்கு 232 என்று அவையில் வென்றும் காட்டியது. எழுந்த எதிர்ப்பில் மறுநாளே பின்வாங்கியது. அவர் பதவி விலகினார்.

நம் நாடாளுமன்றம் கடுமை காட்டியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1951-இல் பம்பாய் தங்க, வெள்ளி வணிகர் சங்கத்துக்காகப் பணம் பெற்றுக்கொண்டு செயல்பட்ட எச். ஜி. முட்கல் மீது குழு அமைத்து விசாரித்தார்கள். வெளியேற்றத் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன் அவரே விலகினார். 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களை இரு அவைகளும் வெளியேற்றின. அந்த நடவடிக்கைகள் சரியானவையே. ஆனால் கை நீட்டிக் காசு வாங்குபவரைத் துரத்தும் அவை, யாரிடமும் வாங்கத் தேவையில்லாத அளவுக்குத் தொழிலையே கையில் வைத்திருப்பவரைப் பார்த்து எதுவும் கேட்பதில்லை.

புகையிலை எச்சரிக்கைப் படங்கள் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கை நிரப்ப வேண்டும் என்ற அறிவிக்கை 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அதை ஆராய்ந்துகொண்டிருந்த நாடாளுமன்றக் குழு நிறுத்திவைக்கச் சொன்னது, ஓராண்டு தள்ளிப்போனது. அந்தக் குழுவில் பீடித் தொழில் நடத்திவந்த ஓர் உறுப்பினரும் இருந்தார். அவர் ஒருவரால்தான் தள்ளிப்போனது என்று நான் சொல்லவில்லை. குழுவுக்குள் கேமரா இல்லை. யார் என்ன சொன்னார் என்பது நமக்குக் கிடைப்பதில்லை. வாக்கெடுப்பு நாளில் எல்லோரும் பார்ப்பார்கள். ஒரு விகிதத்தையோ ஒரு தேதியையோ மாற்ற வேண்டியவர்கள் அதற்கு வெகு முன்பே, மூடிய அறையில், தேநீருக்கு நடுவில் மாற்றிவிடுவார்கள். அதனால்தான் வாக்குரிமையைப் பறிப்பதைவிட, குழுவில் யார் எந்த ஆதாயத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிவதையே நான் முதலில் கேட்பேன்.

நாடாளுமன்றக் குழு அறிக்கை எதையாவது எடுத்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே ‘குழுவின் அமைப்பு’ என்று ஒரு பக்கம் இருக்கும். வரிசை எண், அதற்கு எதிரே பெயர், அவ்வளவுதான். பெயருக்கு எதிரே இன்னொரு கட்டம் போட்டு, இந்த அறிக்கை தொடும் துறையில் இவருக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வரி அச்சிடலாம். பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே ‘இல்லை’ என்றுதான் வரும்.