கோழி வளர்ப்பவர்களும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும்

2025 பிப்ரவரியில் கேரளத்தில் அடூர் பக்கம் ஒரு சேவல் பிரச்சினை செய்தியில் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். பக்கத்து வீட்டுச் சேவல் ராத்திரி மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஒருவர் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தார். அதிகாரிகள் இரண்டு தரப்பையும் விசாரித்து, இடத்தையும் போய்ப் பார்த்தார்கள். மேல்மாடியில் இருந்த கோழிக்கூட்டை 14 நாளுக்குள் வீட்டின் தெற்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அன்றைக்கு நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சிரிப்பு. "சேவல் கூவாம பின்ன மாடா கூவும்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நியாயமான உத்தரவு என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சேவலை அறுக்கச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. கூட்டின் இடத்தை மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேர் பேசினாலே முடியக்கூடிய காரியம் அரசு அலுவலகம் வரைக்கும் போயிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலும் கோழி உண்டு. அதனால் கோழி வளர்க்கிறவர்களிடம்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குறை வந்ததும் நம்மில் பலர் சொல்கிற பதில் என்ன? "எங்க பாட்டா காலத்துல இருந்து இங்க கோழி உண்டு." இன்னும் கொஞ்சம் சூடானால், "முருகன் கொடியிலேயே சேவல் இருக்கு, நீ என்ன பேசுகிய?" குமாரகோவில் முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற எனக்கும் முருகன்மேல் பக்தி உண்டு. ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்க முடியவில்லை என்று சொல்லும்போது முருகனை இழுத்து வந்து நம் பக்கம் சாட்சிக்கு நிறுத்துவது சரியில்லை.

பாட்டா காலத்தில் கோழி இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு ஐம்பது சென்ட் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், ஒரு வீடு. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டுமென்றால் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும். இன்றைக்கு அதே விளை அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரிந்து, ஒரு பகுதி விற்றும் போய், நாலு சென்டுக்கு ஒரு வீடாக நிற்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 555 பேர். நம் மாவட்டத்தில் 1,100-க்கும் மேல். இவ்வளவு நெருக்கத்தில் கோழி மட்டும் பாட்டா காலத்துக் கோழியாகத் திரிய வேண்டும் என்றால் எப்படி நடக்கும்?

கூடு எங்கே வைக்கிறோம் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நம் வாசலுக்கும் அடுக்களைக்கும் தூரமாக, மதிலோரத்தில். நம் மூக்குக்கு எட்டாத இடம் என்று தேடித்தான் வைக்கிறோம். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அவர்களுடைய அடுக்களை ஜன்னலோ படுக்கையறை ஜன்னலோ இருக்கும். நாற்றத்தையும் சத்தத்தையும் நாமே அளந்து அடுத்தவர் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, அவர்கள் வாய் திறந்தால் "பொறாமை" என்கிறோம். இதை எந்தக் கணக்கிலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கோழி நம்முடையது என்றால் அதன் நாற்றமும் முதலில் நமக்குத்தான் வர வேண்டும். கூட்டை நம் வீட்டுப் பக்கம் கொண்டுவந்து பாருங்கள், தினமும் கூட்டிப் பெருக்கத் தானாகத் தோன்றும்.

நாற்றம் என்பது பெரும்பாலும் ஈரத்தின் பிரச்சினை. எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்வளவாக மணக்காது. நனைந்து ஊறினால் அமோனியா கிளம்பும். நமக்கோ ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கூரை ஒழுகாமல், சாரல் அடிக்காமல், தரையைக் கொஞ்சம் உயர்த்தி, மரம் அறுக்கிற மில்லில் கிடைக்கும் காய்ந்த தூளைக் கனமாகப் பரப்பிக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தால் பாதிப் புகார் வராது. நனைந்த இடத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். ஈயைப் பற்றியும் சொல்லணும். நம் வெக்கையில் முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்தில் இரண்டு முறை அள்ளினால் புழு ஈயாக மாற நேரமே கிடைக்காது. அள்ளியதை மூடி மக்க வைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். பச்சையாகப் போட்டால் செடி கரிந்துவிடும்.

அடுத்தது சேவல். வெளிச்சம் வந்த பிறகுதான் சேவல் கூவும் என்று நினைக்கிறோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுவதாகவும், விடிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அது கூவத் தொடங்குவதாகவும் காட்டினார்கள். வெளிச்சமும் இன்னொரு சேவலின் சத்தமும் கூவலைத் தூண்டும், அதுவும் அதிகாலையில்தான் அதிகம். 2015-இல் அதே குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். சேவல்கள் கூட்டமாக இருந்தால் மற்றவற்றை அடக்கி முதல் நிலையில் உள்ள சேவல் முதலில் கூவும், அதற்கு அடுத்தடுத்த நிலையில் உள்ளவை வரிசையாகத் தொடரும். ஆக, நாலு மணிக்குக் கூவுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னால் அவர்கள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு அந்த நேரத்துக் கூவல் உதவியாக இருக்கலாம். சாயங்கால டூட்டி முடிந்து நள்ளிரவில் வந்து படுத்த நர்ஸ் பெண்ணுக்கு?

முட்டைக்குச் சேவலே தேவையில்லை. அடைவைத்துக் குஞ்சு எடுக்க வேண்டுமானால் மட்டும் வேண்டும், அதற்கும் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். நாலு சென்டில் மூன்று சேவலை வைத்துக்கொண்டு "இயற்கை" என்று பேசக் கூடாது. ஒரே ஒரு சேவல் என்றால் ராத்திரி அதை நன்றாக இருட்டான, காற்று வருகிற உள்கூட்டில் அடையுங்கள். முற்றத்து லைட்டை விடிய விடிய எரிய விடாதீர்கள். நன்றாக வெளுத்த பிறகு திறந்துவிடுங்கள். கூவல் முழுக்க நிற்காது. ஆனால் மொட்டை மாடியில் நின்று கூவுவதற்கும் நாலு சுவருக்குள் கூவுவதற்கும் உள்ள வித்தியாசம் அடுத்த வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

மேய்ச்சல் பிரச்சினையில்தான் சண்டை சீக்கிரம் முற்றுகிறது. எங்கள் பக்கத்து வீட்டில் நல்லமிளகைப் பறித்துப் பாயில் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழி மதிலேறிப் போய்ப் பாய் முழுக்கக் கிண்டி எச்சமும் போட்டுவிட்டது. அந்த அக்கா மிளகை முறத்தில் அள்ளிக்கொண்டு நேராக எங்கள் அடுக்களை வாசலுக்கு வந்தார். "மைனி, நீங்க ஒண்ணும் நெனைக்கப்பிடாது, இதக் கொஞ்சம் பாருங்க" என்று முறத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். காய்ந்து சுருங்கத் தொடங்கிய மணிகளுக்கு நடுவே வெள்ளையும் பச்சையுமாக எச்சம், இரண்டு சிறு இறகு. அம்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முறத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, எங்கள் வீட்டு மிளகிலிருந்து அதே முறத்தளவு அளந்து கொடுத்தார். சாயங்காலம் கோழி அடைந்ததும் அதைப் பிடித்து ஒரு பக்கச் சிறகின் நீள இறகுகளை மட்டும் கத்தரித்தார். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் சமநிலை கிடைக்காமல் உயரப் பறக்காது, கோழிக்கு வலியும் இல்லை. புது இறகு முளைக்கும்போது இரத்தம் ஓடும், அதில் மட்டும் கத்தரி படக் கூடாது. பிற்பாடு மதிலோரத்தில் வலையும் கட்டினோம். அந்த அக்கா இன்றைக்கும் எங்களிடம்தான் முட்டை வாங்குகிறார், காசு கொடுத்து.

காசு கொடுத்து என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். புகார் வந்ததும் நாலு முட்டையைக் கொண்டு கொடுத்து வாயை அடைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. சும்மா ஒரு நாள் அன்பாகக் கொடுங்கள், நல்லது. வலை கட்டாமல் முட்டை கொடுத்தால் அது லஞ்சம்.

பறவைக் காய்ச்சல் பயத்தையும் ஏளனம் செய்யாதீர்கள். 2014, 2021, 2024 என்று ஆலப்புழை பக்கம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. எல்லையில் இருக்கிற நமக்கு அந்தச் செய்தி வந்தாலே, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் பயம் வரத்தான் செய்யும். அது வேறு நோய்தான் என்றாலும், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று நாமே போய்ச் சொல்லலாம். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். செத்ததைச் சாக்கில் கட்டிச் சானலில், அதாவது கால்வாயில், எறிகிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்தத் தண்ணீரில் கீழே ஆள் குளிக்கிறார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடமும் எனக்குச் சொல்ல உண்டு. முட்டையிட்ட கோழி பகலில் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் வீட்டு நாயும் மிக்சியும் கேட்காமலா இருக்கிறது? அப்புறம், பழைய எல்லைத் தகராறு ஒன்று மனதில் கிடந்தால் அதைக் கோழியின் தலையில் கொண்டுவந்து போடாதீர்கள். எல்லைக்கல் பிரச்சினைக்கு சர்வேயர் இருக்கிறார். சோற்றில் விஷம் கலந்து வைப்பதெல்லாம் குற்றம். விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. அந்தச் சோற்றைக் கோழி மட்டும்தான் தின்னும் என்று யார் உறுதி சொல்வது?

சொல்லியும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள், அதையும் நான் மறுக்கவில்லை. அப்படியானால் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ எழுதிக் கொடுங்கள். பொதுத் தொல்லை என்கிற அளவுக்குப் போனால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவர் உத்தரவிட முடியும். நம் மாவட்டத்தில் அதற்கு நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் வருவாய்க் கோட்ட அலுவலகங்கள் உண்டு. ஆனால் மனு எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது நேரில் போங்கள். "உங்க கோழியால பெரிய தொல்லை" என்று மொத்தமாகச் சொன்னால் கேட்கிறவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எத்தனை மணிக்குக் கூவுகிறது, எந்த ஜன்னல் பக்கம் நாறுகிறது, கோழி எந்த இடத்தில் மதில் தாண்டுகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் அடுக்களையில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள்.