நகர மன்றத்தின் சிங்கிங் ஃபண்ட் பற்றி ஒரு திருத்தம்

நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த பேச்சை ஒட்டி, "சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் முழுவதையும், புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றம் அந்தந்த வருடமே செலவழித்துவிடுகிறது" என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியில்லை.

வீடுகளுக்கான இந்தக் கட்டணத்தில் குறைந்தது 26 விழுக்காட்டைச் சிங்கிங் ஃபண்டில் (sinking fund, பெரிய வேலைகளுக்கான நீண்டகாலச் சேமிப்பு நிதி) போட வேண்டும் என்பது விதி. புளோக்குக்குச் சாயம் பூசுவது, கூரையைப் புதுப்பிப்பது, தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். மின்தூக்கி மாற்றுவதற்கு 2017 முதல் தனி நிதியே இருக்கிறது. அதற்குக் குறைந்தது 14 விழுக்காடு. தினமும் தாழ்வாரம் கூட்டும் செலவுக்கு இந்த இரண்டிலும் கைவைக்க முடியாது. எங்கள் புளோக்கில் பழைய மின்தூக்கி போய்ப் புதியது வந்தபோது, நாலாவது மாடிப் பாட்டி, "இப்பதான் எல்லா மாடியிலும் நிக்குது" என்று கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த மாதிரி வேலைக்காகத்தான் இந்தச் சேமிப்பு.

நீங்களே பார்க்கலாம். உங்கள் நகர மன்ற இணையத்தளத்தில் ஆண்டறிக்கையைத் திறந்து, தணிக்கை செய்த கணக்குப் பகுதிக்குப் போங்கள். அன்றாடச் செலவு, சிங்கிங் ஃபண்ட், மின்தூக்கி நிதி மூன்றும் தனித்தனியாக இருக்கும்.