சின்ன அரசாங்கம் என்று சொல்லி வாங்கிய ஓட்டு

அமெரிக்க நாடாளுமன்றத்தில் தாமஸ் மாஸி என்று ஒருவர் இருக்கிறார். கென்டக்கிக்காரர், குடியரசுக் கட்சி, எம்ஐடியில் இன்ஜினியரிங் படித்தவர். கோட்டில் ஒரு குட்டி மின்னணு பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிவார். அரசாங்கத்தின் கடன் தொகை அதில் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்கும். 2025 ஆகஸ்டில் 37 லட்சம் கோடி டாலராக இருந்த அந்தக் கடன், அக்டோபரிலேயே 38ஐத் தாண்டிவிட்டது.

வரி, செலவு, போர், கெடுபிடி எல்லாவற்றிலும் அரசாங்கம் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது லிபர்டேரியன்களின் கொள்கை. எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடு உண்டு. அதனால்தான் டிரம்பை நம்பிப் போன லிபர்டேரியன்கள் மேல் இவ்வளவு எரிச்சல்.

2024 மே மாதம் லிபர்டேரியன் கட்சி மாநாட்டு மேடையிலேயே டிரம்ப் ஏறினார். கூட்டம் கூச்சல் போட்டது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை 3 சதவீத ஓட்டு வாங்கிக்கொண்டே இருங்கள் என்று அவரும் பதிலுக்குக் குத்தினார். (அந்த முறை கட்சிக்குக் கிடைத்தது அரை சதவீதம்கூட இல்லை என்பது வேறு கதை.) போதைப்பொருள் விற்பனை நடந்த சில்க் ரோடு என்ற இணையச் சந்தையை நடத்தியதற்காக ஆயுள் சிறையில் இருந்த ராஸ் உல்பிரிக்ட்டை விடுதலை செய்வதாக வாக்குக் கொடுத்தார், பதவியேற்ற மறுநாளே செய்தும் காட்டினார். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு மன்னிப்புக் கையெழுத்துக்கு அரசாங்கம் பத்து பைசா செலவழிக்க வேண்டியதில்லையே!

செலவு விஷயத்துக்கு வருவோம். டிரம்ப் அரசின் செலவுக் குறைப்புக் குழுவை நடத்திய எலான் மஸ்க் 2 லட்சம் கோடி டாலரை மிச்சம் பிடிப்பேன் என்றார். அர்ஜென்டினா அதிபர் மிலே கொடுத்த மரம் அறுக்கும் ரம்பத்தை மேடையில் தூக்கிக் காட்டினார். சில மாதங்களில் இலக்கு 1 லட்சம் கோடியானது, அப்புறம் அதுவும் 15,000 கோடியாகச் சுருங்கியது. அதிலும் கணக்குக் குளறுபடி என்று பத்திரிகைகள் கிழித்தன.

மஸ்க் கெட்டிக்காரர்தான். ஆனால் பணம் இருக்கும் இடத்தில் அவர் கை வைக்கவில்லை. 2024 நிதியாண்டில் மத்திய அரசின் செலவு ஏறக்குறைய 6.75 லட்சம் கோடி டாலர். முதியோர் ஓய்வூதியம், மெடிகேர் (முதியோருக்கான மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு), ராணுவம், கடனுக்கு வட்டி, இந்த ஐந்துமே மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். வட்டி மட்டும் ராணுவச் செலவைத் தாண்டிவிட்டது. இவர்கள் பாய்ந்து வெட்டிய வெளிநாட்டு உதவியோ மொத்தத்தில் ஒரு சதவீதம் அளவுதான். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது டீ செலவைக் குறைத்துவிட்டேன் என்று பெருமை பேசுகிற கதை.

பிறகு வந்தது 'ஒன் பிக் பியூட்டிஃபுல்' என்ற வரி, செலவு மசோதா. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். பத்து வருஷத்தில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த பட்ஜெட் அலுவலகமே கணக்குக் கொடுத்தது. அரசாங்கம் வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பும் ஒரே அடியாக 5 லட்சம் கோடி ஏறியது. குடியரசுக் கட்சியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் கீழவையில் இரண்டு பேர், செனட்டில் மூன்று பேர். அந்த ஐவரில் கடன் ஏறுகிறது என்பதையே முதல் காரணமாகச் சொன்னவர்கள் கீழவையில் மாஸியும் செனட்டில் ராண்ட் பாலும்தான். இருவருமே கென்டக்கி!

மாஸிக்கு இது புதிதல்ல. 2020 மார்ச்சில், 2.2 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணத்தைக் குரல் வாக்கெடுப்பில் தள்ளிவிடப் பார்த்தபோது, யார் யார் ஆதரிக்கிறீர்கள் என்பது பெயரோடு பதிவாக வேண்டும் என்று எழுந்து கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அவரைக் கட்சியை விட்டே தூக்குங்கள் என்றார் டிரம்ப். 2025 அக்டோபரில், அடுத்த உட்கட்சித் தேர்தலுக்கு மாஸிக்கு எதிராக வேறொருவருக்கு ஆதரவும் கொடுத்துவிட்டார்.

இதற்கு நடுவே 2025 ஆகஸ்டில் அரசாங்கமே கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. இதையே ஒபாமா செய்திருந்தால் சோஷலிசம் என்று தெருவில் இறங்கியிருப்பார்கள். ராண்ட் பால் மாதிரி ஒரு சிலர் முணுமுணுத்ததோடு சரி.

ஜனநாயகக் கட்சியை நான் விட்டுவிடவில்லை. பைடன் காலத்திலும் கடன் இதே வேகத்தில்தான் ஏறியது. ஆனால் அவர்கள் சின்ன அரசாங்கம் தருகிறோம் என்று சொல்லி ஓட்டுக் கேட்கவில்லையே.

லிபர்டேரியன்களிடமும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033ல் தீரும், அதன்பின் சட்டப்படியே தொகை கால் பங்கு அளவு குறையும் என்று அதன் பொறுப்பாளர்களே 2025ல் சொன்னார்கள். அதில் கை வைக்கமாட்டேன் என்று டிரம்பும் சொன்னார், 2024 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸும் சொன்னார். வெட்டணும் என்கிற நீங்களாவது, யாருக்கு எவ்வளவு குறையும் என்று ஓய்வு பெற்றவர்கள் நிறைய வாழும் ஃப்ளோரிடாவில் போய் ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?