பையனுக்குப் பாதி, பொண்ணுக்குப் பாதி

செப்டம்பர் கடைசியில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போனால் பார்க்கலாம். மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்புகிற பிள்ளையின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பருப்புப் பொடியை எடுப்பதா, புளிக்காய்ச்சலை எடுப்பதா என்று ஒரு குடும்பமே தரையில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கும். எடை கூடிப்போய்விட்டதாம். பிள்ளையின் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு ஊறுகாயை உள்ளே தள்ளுவார்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டால் எங்கள் பெரியம்மாவே கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். நம் வீடுகளில் பெட்டியைத்தான் தயார் பண்ணுகிறோம், பிள்ளையை இல்லை.

வெளிநாடு நமக்குப் புதிதில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் ஊர் இது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பக்கம் வளைகுடாவில் ஒரு ஆளாவது இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். அதனாலேயே எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "போனா எல்லாம் தானா பழகிடும்." அவர்கள் போனது வேலைக்கு. பெரும்பாலும் ஊர்க்காரர்களோடு ஒரே ரூம், மெஸ் சாப்பாடு, பேப்பர் வேலைக்குக் கம்பெனி. படிக்கப் போகிற பிள்ளைக்கு இதில் எதுவும் கிடையாது. அங்கே அது ஒற்றை ஆளாக ஒரு குடித்தனம் நடத்தியாக வேண்டும்.

நான் படித்தது ஜெர்மனியின் ஆகன் நகரத்தில். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேரை அங்கே பார்த்திருக்கிறேன். பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன், படிப்பில் புலி. வீட்டில் சாப்பிட்டால் தட்டு அங்கேயே இருக்கும், அம்மா எடுப்பார். அவனுக்குக் கிடைத்த அறையில் கரண்ட் அடுப்பு. அணைத்த பிறகும் அடுப்பின் தட்டு சூடாகவே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்கிறான், பால் பொங்கி வழிகிறது. அப்புறம் ஒரு நாள் தாளிக்கிறேன் என்று எண்ணெயைப் புகைய விட்டு, கூரையில் இருந்த புகை அலாரம் அலறி, மாடியே வெளியே வந்து நின்றது. அதோடு சமையலை விட்டான். மதியம் யூனிவர்சிட்டி கேன்டீன், இரவு பிரெட். சனிக்கிழமையே வாங்கி வைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அதுவும் திண்டாட்டம்தான், அங்கே ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடிவிடும். நவம்பருக்குள் ஆள் பாதியாகிவிட்டான். அவன் வீட்டில் இன்னொரு பொடி பார்சல் அனுப்பினார்கள்!

திருவாரூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, நேர் எதிர். பத்துப் பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைப்பாள். ஆனால் பேங்க்குக்கு அப்பா, கரண்ட் பில்லுக்கு அண்ணன், தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் கூட ஒரு துணை என்று வளர்ந்தவள். ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு ஓனர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அவளுடைய வீட்டு ஓனர் இழுத்தடித்தார். இரண்டாவது தடவை கேட்க இவளுக்குக் கூச்சம், "தப்பா நினைச்சுப்பாரோ" என்று. பதிவு இல்லாததால் அவள் போன பேங்க்கில் கணக்குத் திறக்கவில்லை. கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்ட் பணம் கைக்கு வராது. வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே கட்டிவிட்டு, அதில் மாதம் 992 எடுப்பதுதான் அந்த பிளாக்டு அக்கவுண்ட். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கட்டிய பணம் அங்கேயே கிடக்க, இவள் தோழியிடம் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் பையன்தான் இவளோடு போய் வீட்டு ஓனரிடம் பேசினான். அவனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தவள் இவள். உடனே கல்யாணம் வரை போய்விடாதீர்கள், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ஆளுக்குப் பாதி வாழ்க்கையைத்தான் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஊரில் மற்ற பாதியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறார்கள், அதனால் குறை தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. சொசைட்டியில் உரத்துக்கு வரிசையில் நின்றது நான்தான். அந்த வரிசை ஆகனில் எனக்கு உதவிய அளவுக்கு ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை உதவவில்லை.

குளிரைச் சொல்லித்தான் இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நல்ல கோட் இருந்தால் குளிர் ஒரு விஷயமே இல்லை. இருட்டு வேறு. டிசம்பரில் காலை எட்டரை வரை விடியாது, சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊரில் மணி ஒன்பது ஆகும்போது அங்கே நாலரை. சரியாக அந்த நேரத்துக்கு அம்மா வீடியோ காலில் வருவார். சாப்டியா, என்ன சாப்ட்ட, ஏன் இளைச்சுட்ட. வந்த லெட்டரையெல்லாம் பிரிச்சுப் பாத்தியான்னு எந்த அம்மாவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஊரே லெட்டரில்தான் ஓடுகிறது. இன்ஷூரன்ஸ், பேங்க், விசா ஆபீஸ் எல்லாம் தபாலில். டிவியே இல்லாத வீட்டுக்கும் வானொலி, டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து மேஜையில் போட்டுவைத்தால் அபராதத்தோடு திரும்ப வரும்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கன்சல்டன்சி இல்லை, தமிழ்க் கடை வைத்திருந்த ஈழத்து அக்கா ஒருவர். முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "கடிதம் வந்தா அண்டைக்கே உடைச்சுப் பாருங்கோ" என்பார். யுத்தத்துக்குத் தப்பி, மொழி தெரியாமல் வந்து இறங்கி, ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக ஏறிக் கற்றவர்கள் அவர்கள். அதே ஜெர்மனியில் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் எழுப்பித் தேரும் இழுக்கிறார்கள் என்றால் எத்தனை அனுமதிக் காகிதத்துக்கு அலைந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தானாகப் பழகிவிடும் என்பது பொய் இல்லை. அந்தப் பையனும் பழகினான், பொண்ணும் பழகினாள். ஆனால் பழகி முடிப்பதற்குள் பிப்ரவரி வந்து முதல் செமஸ்டர் பரீட்சையும் வந்துவிட்டது. இரண்டு பேருக்குமே அரியர்.

அட்மிஷன் வந்ததற்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவில் எப்படியும் ஒன்றிரண்டு மாதம் கிடைக்கும். அதில் ஒரு மாதம் பையன் அடுப்படியைப் பார்க்கட்டும். சமையல் மட்டும் இல்லை, பாத்திரமும் கக்கூஸும் சேர்த்து. பொண்ணு தாலுகா ஆபீஸுக்கும் பேங்க்குக்கும் தனியாகப் போகட்டும். "நாளைக்கு வாம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். மறுநாளும் அவளே போகட்டும். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போக வேண்டாம்.