ஏன் குறைச்சாங்கன்னு கேளுங்க, அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் போடுங்க

அந்தக் காட்பாடி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள், நம்ம வேலூர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரு சுற்று வந்துவிட்டது. பேங்க் ஏலத்தில் பாதி விலைக்கு மாடி வீடு எடுத்த தம்பி கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டு "கொரோனா கொடுத்த வரம்" என்று சொல்கிறாரே, அதே வீடியோதான். நான் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சுவாதீனம், அதாவது வீடும் சாவியும், கைக்கு வந்துவிட்டதா, உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா? திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. அதற்கு வந்த பதில்: "ஆன்ட்டி, முதல்ல சொந்தமா ஒரு வீடு வாங்கிட்டு வாங்க, அப்புறம் கிளாஸ் எடுக்கலாம்." அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. எனக்குத் தெரிந்த முகங்களும் அதில் இருக்கின்றன. பரவாயில்லை, இருக்கட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவள் வீடு வாங்குவதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாதாம். சொந்த வீடு இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லையே தம்பி. தேடிக்கொண்டிருப்பவர்கள்தானே கேட்க வேண்டும்?

மலிவாக வீடு கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. நாங்களும் வருஷக்கணக்கில் அதைத்தான் தேடுகிறோம். ஏன் மலிவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான். சந்தை விலை ஒன்று இருக்கும்போது ஒருவர் அதற்குக் கீழே கொடுக்கிறார் என்றால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் விற்பவரோடு போய்விடுமா, வாங்குபவர் தலையில் இறங்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2020-ல் இங்கே என்ன நடந்தது என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் ரயில் நின்றதும் காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிற கூட்டம் நின்றது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளத்துக்காரர்களை நம்பி, ஆஸ்பத்திரியைச் சுற்றி வீட்டையே அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டவர்கள் எத்தனை பேர். விஐடி காலேஜ் பிள்ளைகளை நம்பி, இருந்த வீட்டுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர். பாடமெல்லாம் ஆன்லைனுக்குப் போனது, பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், மேல்மாடியில் பூட்டு தொங்கியது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் நின்றது. ரிசர்வ் வங்கி ஆறு மாசம் தவணையைத் தள்ளிவைக்கச் சொன்னது உண்மை. ஆகஸ்டோடு அது முடிந்தது. வட்டி மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. அப்புறம் 90 நாள் தவணை கட்டவில்லை என்றால் வாராக்கடன், அதற்கப்புறம் 60 நாள் நோட்டீஸ், அதற்கப்புறம் சுவரில் பேங்க் ஒட்டிய காகிதம், பேப்பரில் ஏல விளம்பரம். வரம் எப்படி வந்தது பாருங்கள்.

இந்த மாதிரி மலிவில் நல்ல மலிவும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் 2021-ல் தொரப்பாடியில் வாங்கினார். விற்றவர் மகனோடு பெங்களூருக்குப் போகிறார், அவசரம், அதனால் குறைத்தார். பட்டா அவர் பேரில், பத்திரம் கையில், கடன் இல்லை. காரணம் விற்றவரோடு பெங்களூருக்குப் போய்விட்டது. அந்த நேரம் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 4 சதவீதம், வீட்டுக் கடன் வட்டி 7-க்குக் கீழே. மாசச் சம்பளம் குறையாதவர்களுக்கு அது நல்ல நேரம்தான். ஆனால் அந்த வட்டியும் ஏன் குறைந்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஊர் படுத்துக்கிடந்ததால் குறைந்த வட்டி, ஊர் எழுந்ததும் ஏறும். 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5. மாறும் வட்டியில் வாங்கியவர்களைக் கேளுங்கள், கடன் முடிகிற வருஷம் எங்கே போய் நிற்கிறது என்று சொல்வார்கள்.

இன்னொரு வீடு. பாலாற்றை ஒட்டிய ஒரு நகரில், ஊர் பேர் வேண்டாம், அங்கே இன்னும் நல்ல மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், விலையைக் கேட்டால் நம்ப முடியவில்லை. எங்க வீட்டுக்காரர் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டார். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா அறையிலும் முட்டி உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயிண்ட். மேலே பழைய பச்சை, கீழே புதுப் பச்சை, நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. சமையலறை அலமாரியின் கீழ்ப் பலகை உப்பிக்கிடந்தது. புரோக்கரைக் கேட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லாமல் எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "லேசா ஓதம் சார், அதுக்கு இப்ப கெமிக்கல் வந்துடுச்சு" என்றார். கேட்டது நான், பதில் அவருக்கு. வெளியே வந்து, பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். 2021 நவம்பரில் பாலாறு வந்தபோது கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததாம் அந்தக் குடும்பம். தண்ணியில்லாத ஆறு என்று காலம் காலமாக நம்மைக் கிண்டல் செய்தார்களே, அந்த ஆறுதான்.

புரோக்கர் மேல் எனக்குக் கோபமில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் பாருங்கள், ஒரே ஒரு கேள்விதான். ஏன் குறைச்சாங்க?

"மேடம், பேங்க் ஏலம்னா பேங்க்கே எல்லாம் பார்த்திருக்கும்" என்று நேற்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார். பேங்க் தன் கடனுக்காகப் பார்த்தது ஐயா, உங்களுக்காகப் பார்க்கவில்லை. ஏல அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். உள்ளது உள்ளபடி, இருக்கும் நிலையில் என்று எழுதியிருக்கும். வீட்டு வரி பாக்கி, கரண்ட் பில் பாக்கி எல்லாம் எடுத்தவர் தலையில் என்றும் இருக்கும். முன்பணம் 10 சதவீதம். ஏலம் உங்களுக்கு முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் அடுத்த வேலை நாளுக்குள், அதையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 15 நாளில். பேங்க் எழுத்தில் அவகாசம் கொடுத்தால்தான் அதற்கு மேல். கட்டவில்லை என்றால் கட்டிய பணம் போச்சு. வீட்டுக் கடன் போட்டு எடுக்கலாம் என்று நினைப்பவர்கள், அந்தக் கடன் 15 நாளில் கைக்கு வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த அறிவிப்பிலேயே இருக்கும், யாரும் படிப்பதில்லை. பேங்க் வைத்திருப்பது பெயரளவுச் சுவாதீனமா, நிஜச் சுவாதீனமா? பெயரளவு என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி, வீட்டுக்காரரோ, மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் போக்கியக்காரரோ உள்ளேதான் இருக்கிறார். நம்ம ஊரில் இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் எழுதி, பதிவே பண்ணாமல், சில லட்சங்களைக் கொடுத்துப் போக்கியத்துக்கு வந்தவர்கள் எத்தனை குடும்பம். பதிவாகாத எதுவும் பதிவு ஆபீசில் தரும் வில்லங்கச் சான்றிதழில் வராது. நீங்கள் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் வராது. சாவியோடு போனால் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கடன் வாங்கியவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பேங்க் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவருக்குச் சட்டம் கொடுத்திருக்கிறது. இதைத்தான் கேட்டேன், சுவாதீனம் வந்ததா என்று. அதற்குப் பெயர் கிளாஸ் எடுப்பதாம்.

இன்னொரு சமாச்சாரம். ஏலத்தில் இல்லாமல் விற்பவரிடம் நேராக ரொம்ப மலிவாக வாங்கிவிட்டோம் என்று பத்திரத்தில் அந்த விலையை எழுதினாலும், அது அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால் தீர்வை அந்த வழிகாட்டி மதிப்புக்குத்தான். 2017-ல் அந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பை மறுபடி ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத் தீர்வை 7, ஆக மொத்தம் 9 சதவீதம். வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினால் அதை உங்கள் வருமானமாகக் கணக்குப் பண்ணி வரியும் கேட்பார்கள். பாதி விலை என்று பெருமை பேசுபவர்கள் இதை எந்தப் பாதியில் சேர்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

மனை பக்கம் நான் போகவே இல்லை. 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவை நிறுத்திவைத்தபோது மாட்டிக்கொண்டவர்கள் கதை தனிப் பதிவுக்கு வரும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மலிவாக இடம் பார்ப்பவர்கள் போர் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள், அது போதும். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-ல் வந்தது. நிலத்தடித் தண்ணீர் தீர்ப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

"இப்படி யோசிச்சுக்கிட்டே இருந்தா விலை ஏறிடும்" என்பீர்கள். ஆமாம், ஏறிவிட்டது. மூன்று வருஷம் முன்னால் எங்கள் கைக்கு எட்டிய சத்துவாச்சாரி இப்போது எட்டவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஏறின விலைக்கு வாங்கினாலும் ராத்திரி தூக்கம் வரும்.

"வக்கீல்கிட்ட லீகல் பார்த்தா போதும்." நாம் கொடுக்கிற காகிதத்தைத்தானே அவர் பார்ப்பார்?

"உனக்குப் பொறாமை." சரி.

"விற்கிறவனுக்கும் உதவிதானே, கஷ்டத்துல இருக்கிறவனுக்குப் பணம் கிடைக்குது." இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உதவியா? ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா காபி போட்டுக்கொண்டு வந்து வைக்கிறார். புரோக்கர் அவர் எதிரிலேயே, "இன்னும் ரெண்டு குறைப்பாங்க சார், ரொம்ப நெருக்கடி" என்கிறார். அந்த அம்மா டபராவை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனவர் நாங்கள் கிளம்பும் வரைக்கும் வெளியே வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வாங்கிய பணத்தை, மாசாமாசம் வட்டி தருகிறோம் என்ற கம்பெனியில் போட்டுவிட்டு, 2022-ல் எல்லாம் போன குடும்பம். நம்ம மாவட்டத்தில் அப்படி எத்தனை குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். வாங்குங்கள், நியாய விலைக்குப் பேசி வாங்குங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டு கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டு வரம் என்று சொல்லாதீர்கள். அந்த அம்மாவிடமும் போன் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சத்துவாச்சாரியில் மலிவாக வந்த ஒரு வீட்டில் பத்திரம் இறந்துபோன அப்பா பேரில் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போடத் தயார். வாரிசுச் சான்றிதழ் கேட்டேன், அதில் ஓசூரில் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா பேரும் இருக்கிறது. "அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க மேடம், கல்யாணத்துக்கே நிறைய செஞ்சாச்சு." உயில் எழுதாமல் அப்பா போனால் மகளுக்கும் பங்கு என்பது 1956-லிருந்து சட்டம். அந்த அக்கா கேட்க மாட்டார் என்பதை அந்த அக்காவிடம் யாராவது கேட்டார்களா? அந்த வீடு ஏன் மலிவு என்று தெரிகிறதா இப்போது? அந்த அக்காவின் பங்கைத்தான் தள்ளுபடியாகக் கொடுக்கிறார்கள்.

நானும் ஒரு அக்காதான். அப்பாவுடைய ஹவுசிங் போர்டு வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். சப் ரிஜிஸ்டர் ஆபீசில் விரலில் ஒட்டிய மையை எங்க தம்பி தன் கர்ச்சீப்பால் துடைத்துவிட்டான். பாசமான பையன், இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வா அக்கா, உள்ளே வா" என்று கூப்பிடுகிறார்கள். பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு அந்த வீடு என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், நாங்கள் பேசுவதில்லை. முதல்ல ஒரு வீடு வாங்கிட்டு வாங்க என்று சொன்ன தம்பிக்கு இதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்தச் சிரிப்புப் பொம்மைகளில் ஒன்று எங்கள் வீட்டுப் பிள்ளை போட்டது.

ஞாயிற்றுக்கிழமை அலமேலுமங்காபுரத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். விலை குறைவில்லை, கூடுதலுமில்லை. மூலப் பத்திரத்தின் நகலை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள், ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். புரோக்கர்கள் தயவுசெய்து கமெண்ட்டில் போன் நம்பர் போடாதீர்கள், அழித்துவிடுவேன். வீடு இருக்கிறது என்று சொல்ல வருபவர்கள் சர்வே நம்பரோடு வாருங்கள், பட்டா யார் பேரில் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்க வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டாம், எனக்கே அனுப்புங்கள்.